நேபாளம் போக பாஸ்போர்ட்டா, வாக்காளர் அட்டையா?

இந்தியர்கள் நேபாளம் போக விசா தேவையில்லை. விமானத்தில் போகிறவர்கள் காட்ட வேண்டியது இரண்டில் ஒன்று: காலாவதியாகாத பாஸ்போர்ட், இல்லையென்றால் தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அட்டை. ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும்தான் அது செல்லும்.

இரண்டும் கையில் இருந்தால் பாஸ்போர்ட்டையே எடுத்துப் போங்கள் என்பேன். காரணம், பெயர். தமிழ்நாட்டுப் பழைய வாக்காளர் அட்டைகளில் ஆங்கில எழுத்துகள் முன்னே பின்னே இருப்பது சகஜம். ஆதாரில் 'ஷண்முகம் கே' என்றிருப்பவர் அட்டையில் வெறும் 'சண்முகம்' ஆகியிருப்பார். தந்தை பெயர் தனி வரியில் கிடக்கும். டிக்கெட் போடும்போது பழக்கதோஷத்தில் ஆதாரைப் பார்த்துப் பெயரை அடித்துவிட்டு, செக்-இன் கவுன்டரில் வாக்காளர் அட்டையை நீட்டினால் அங்கேயே சிக்கல் ஆரம்பம். கவுன்டர் தாண்டினாலும் அடுத்து இமிகிரேஷன் இருக்கிறது. எதைக் காட்டப் போகிறீர்களோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து டிக்கெட் போடுங்கள். அட்டையிலேயே பிழை என்றால் படிவம் 8 கொடுக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் சரிபார்த்து, புது அட்டை வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் திருத்தம் முதலில், டிக்கெட் பிறகு.

பாஸ்போர்ட்டில் பெயரும் குடும்பப் பெயரும் தனித்தனிக் கட்டத்தில் இருப்பதால் டிக்கெட் படிவத்தோடு அப்படியே பொருந்தும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் மட்டும், என்ன எழுதுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும்.

துபாய் வழியாக மலிவு டிக்கெட் கிடைத்ததென்றால் வாக்காளர் அட்டை உதவாது. இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் நடுவே நேராகப் போய்வர மட்டுமே அது.

15 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் விஷயத்தில் கவனம் தேவை. ஆதார் வயது தாண்டிவிட்டது, ஓட்டு வயது வரவில்லை. பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்றிதழ் ஏற்கப்படும் என்றாலும், பாஸ்போர்ட் எடுத்துவிடுவதே நிம்மதி.

வாக்காளர் அட்டைக்கும் பலம் உண்டு. செலவில்லை, காலாவதி இல்லை. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் போய், எல்லை ஊரான சுனௌலி வழியாகத் தரைமார்க்கமாக நுழைகிறவர்களுக்கு அதுவே தாராளம். பாஸ்போர்ட் இல்லாதவர் இந்த ஒரு பயணத்துக்காக அவசரமாக பாஸ்போர்ட் எடுக்க தத்கலில் பணம் கட்ட வேண்டியதில்லை. விமானத்தில் போகிறவர்களும் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்து, அட்டையை வேறு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றொன்றைக் காட்டித் திரும்பலாம். இரண்டும் போனால் காத்மாண்டு லைன்சௌரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிதழ் வாங்காமல் விமானம் ஏற முடியாது.

பூடானுக்கும் இதே இரண்டு ஆவணங்கள்தான். ஆனால் அங்கே பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். அவ்வளவு மிச்சம் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டையைக் காட்டுவதே சரி.