மாடல் கிட் கண்ணாடிக்கு "ஸ்பெஷல் பசை" என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்: 4,650 ரூபாய் போச்சு

மாடல் கிட் (பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் குட்டி விமானம் போன்றவை) கட்டுகிறவர்கள் ஆன்லைனில் பசை ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

2025 செப்டம்பரில் நம் விமானப்படை மிக்-21 போர் விமானத்துக்கு விடைகொடுத்ததிலிருந்து, அதை 1/48 அளவில் (அசலில் 48-இல் ஒரு பங்கு) கட்டி வைக்க வேண்டும் என்று காசு சேர்த்தேன். சேலத்தில் தேடி அலுத்துப்போய், பொழுதுபோக்குச் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் கிட்டும் பசையும் சேர்த்து வாங்கினேன். மொத்தம் 4,650 ரூபாய். பணம் கட்டும் முன் போன் போட்டுத் தெளிவாகவே கேட்டேன், விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடியை ஒட்டணும், சூப்பர் க்ளூ வகை என்றால் வேண்டாம், வெளுத்துவிடும் என்று. அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "சார், நானே வருஷக்கணக்கா கட்டறவன், என் பையனோட விமானத்துக்கே இதைத்தான் போட்டேன், தைரியமா ஒட்டுங்க" என்றார். தன் பையனைச் சொல்லிப் பேசுகிறவர் ஏமாற்றுவாரா என்று நம்பி அனுப்பிய பணம் அது.

உள்ளே இருக்கை, மீட்டர்கள், பெல்ட் எல்லாம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பெயின்ட் அடித்து முடித்து மூடியை ஒட்டினேன். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் படலம். சூப்பர் க்ளூவின் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே படிந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகினால் இப்படித்தான் ஆகும். மீதிப் பசையை ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் விட்டால் தண்ணீராக ஓடி நொடியில் பிடித்துக்கொண்டது, கண் எரிந்தது. உள்ளே இருந்தது சூப்பர் க்ளூதான், மேல் லேபிள் மட்டும்தான் ஸ்பெஷல். வெளிப்பக்கம் என்றால் தேய்த்துப் பாலிஷ் போடலாம், உள்பக்கத்தை என்ன செய்ய? மெதுவாக நெம்பினேன், மூடி விரிசல் விட்டுவிட்டது.

போட்டோ அனுப்பினால், "அதிகமா வெச்சிருப்பீங்க" என்றார்கள். அப்புறம், "பாட்டில் திறந்தாச்சு, எடுக்க மாட்டோம்." அதற்கும் விடவில்லை என்றதும், "உங்க ஊர் ஏற்காடு பக்கம்தானே சார், பனி ஈரத்துல அப்படித்தான் ஆகும்!" நான் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில், வெயிலில் வெந்துகொண்டு. சரி, ஈரம் என்றே வைத்துக்கொள்வோம். ஈரத்தில் வெளுப்பது சூப்பர் க்ளூ, ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை இப்படி ஆவி படிந்து வெளுக்காது. அவர்கள் வாயாலேயே என்ன விற்றார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து என் மெசேஜைப் பார்க்கிறார்கள், பதில் இல்லை. மாற்றுக் கண்ணாடி மட்டும் தனியாகத் தர முடியாதாம், வேண்டுமானால் இன்னொரு கிட் வாங்கணுமாம். மறுபடியும் ஒரு முழு கிட்டுக்குக் காசு!

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. கண்ணாடிப் பாகத்துக்குச் சாதாரண ஃபெவிகாலே போதும், ஈரத்தில் வெள்ளையாக இருந்து காய்ந்ததும் தெளிந்துவிடும், பிசகினால் ஈரத்துணியால் துடைக்கலாம். சூப்பர் க்ளூ வேண்டாம், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் சிமென்ட்டும் கண்ணாடியில் வழிந்தால் தழும்பாகிவிடும். எந்தப் பசையானாலும் வேண்டாத துண்டில் முதலில் சோதியுங்கள். பெயர் தெரியாத லேபிள் ஒட்டின பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.