மோனோவா, கேட்டமரானா, ஹைட்ரோவா: சென்னை ஏரித் தண்ணீரில் எது நிலைத்து ஓடும்?

வேகமான ரிமோட் எலெக்ட்ரிக் படகு வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டிமேல் அச்சடித்திருக்கும் வேகத்தைத்தான். மணிக்கு 80 கி.மீ. என்று போட்டிருந்தால் மனசு அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்த வேகம் அசையாத தண்ணீரில், காற்றில்லாத நேரத்தில் வருவது. சென்னையில் விடிந்ததும் சில மணி நேரம்தான் அப்படிப்பட்ட தண்ணீர் கிடைக்கும். வெயில் காலத்தில் பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடற்காற்று உள்ளே வந்துவிடும்; போரூர், கொரட்டூர் மாதிரி அகன்ற ஏரிகளில் தண்ணீர் முழுக்கச் சின்ன அலை எழும். ஆடி மாதம் வந்தால் மேல்காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் இரண்டரைக் கிலோ படகு எந்த மூலைக்கு?

அதனால் எது அதிக வேகம் போகும் என்பதை விட, எது கவிழாமல் போகும், எது வளைவில் பிடிமானம் விடாமல் திரும்பும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒற்றை அடிப்பாகம் கொண்ட மோனோ, இரட்டை அடிப்பாகம் கொண்ட கேட்டமரான், தண்ணீரை மூன்றே இடத்தில் தொடும் ஹைட்ரோ என்று சந்தையில் இருக்கும் மூன்று அடிவடிவங்களையும் அந்தக் கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மோனோவும் கேட்டமரானும்

ஒப்பிட வசதியான ஜோடி ட்ராக்ஸஸ் கம்பெனியின் ஸ்பார்ட்டனும் எம்41-ம். ஸ்பார்ட்டன் 36 அங்குல நீளமுள்ள வி வடிவ மோனோ. எம்41, 40 அங்குலக் கேட்டமரான். இரண்டுமே 6 எஸ் லிப்போவில், அதாவது ஆறு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில், மணிக்கு 50 மைலுக்கு மேல், அதாவது 80 கி.மீ.க்கு மேல் போகும் என்றுதான் விற்கப்படுகின்றன. பெட்டியைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தண்ணீரில் விட்டால் இரண்டும் வேறு வேறு படகுகள்.

மோனோவின் அடிப்பாகம் நடுவில் கூர்மையாக இறங்கி இரண்டு பக்கமும் சரிந்து ஏறும். வேகப் படகுகளில் இந்தச் சரிவு பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி வரை இருக்கும். அலை வந்தால் அதைப் பிளந்துகொண்டு போவதற்கே இந்த வடிவம். வளைவில் மோனோ உள்பக்கம் சாயும். சாய்ந்த பக்கத்து வி தண்ணீரைக் கடிக்கும், படகு திரும்பும். இது பார்க்கவும் அழகு, கைக்கும் சுலபம். கொஞ்சம் அதிகமாக ஸ்டியரிங் கொடுத்தாலும் மன்னித்துவிடும்.

அதன் குறையும் அதே வி வடிவத்தில்தான் இருக்கிறது. வேகம் ஏற ஏற படகு தண்ணீரை விட்டு மேலே எழும்பி, நடு முதுகெலும்பின் கொஞ்சநஞ்ச நீளத்தில் மட்டும் ஓடும். அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் நிமிர்ந்து நிற்க முடியாமல் ஒரு பக்கம் விழும், அந்தப் பக்கத்து ஓரம் தட்டி எதிர்ப்பக்கம் தள்ளும், அது திரும்ப இந்தப் பக்கம் தள்ளும். இதைத்தான் சைன் வாக் என்கிறார்கள். இந்த ஆட்டம் ஆரம்பித்ததும் த்ராட்டிலைச் சட்டென்று விட்டுவிடக் கூடாது. மூக்கு தண்ணீருக்குள் குத்தும். மெதுவாகக் குறைத்தால் தானாக அடங்கும்.

கேட்டமரானில் சைன் வாக் தொல்லை பெரிதாக வராது. இரண்டு பக்கமும் இருக்கும் ஒடுக்கமான மிதவைகள், அதாவது ஸ்பான்சன்கள் மேல் நிற்பதால் நேர்கோட்டில் ஆடாமல் போகும். நடுவில் இருக்கும் சுரங்கத்துக்குள் காற்று புகுந்து படகைத் தூக்கிவிடுவதால் தண்ணீரின் இழுவையும் குறையும். அதே மோட்டார், அதே பேட்டரியில் கூடுதல் வேகம் வருவது இதனால்தான். காலைத் தண்ணீரில் நல்ல கேட்டமரான் ஓடுவதைப் பார்த்தவர் மோனோவைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

பிரச்சினை அந்தக் காற்றில்தான். காற்று தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 60-இல் இரண்டேகால் மடங்கு. இப்போது 60 கி.மீ. வேகத்தில் போகும் படகை 15 கி.மீ. எதிர்க்காற்றில் திருப்புங்கள், காற்றுக்கு அது 75 கி.மீ. வேகம். தூக்கு விசை ஒரே நொடியில் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். படகு வேகம் கூட்டவில்லை, நீங்களும் த்ராட்டிலைத் தொடவில்லை, ஆனாலும் மூக்கு எழும்பிப் பின்பக்கமாகப் புரண்டு விழும். இதுதான் ப்ளோ ஓவர். கடற்காற்று வந்தபின் கரையிலிருந்து கிழக்கே திரும்பும்போது கேட்டமரான்கள் புரளுவதற்குக் காரணம் வேறெதுவும் தேட வேண்டியதில்லை.

புரண்டபின் நடப்பதிலும் மோனோவுக்கே சாதகம். சின்ன மோனோ பலவற்றில் ஒரு பக்கம் தண்ணீர் புகுகிற அறை வைத்திருப்பார்கள். கவிழ்ந்ததும் அந்த அறை நிறைந்து படகைப் புரட்டி நிமிர்த்திவிடும். கேட்டமரானின் அகலமான தட்டை மேல்தளம் கவிழ்ந்த நிலையிலும் அப்படியே நிலைத்துவிடுவதால் அதில் இந்த ஏற்பாடு கஷ்டம். நம் ஏரிகளில் கவிழ்ந்த படகை எடுக்க நீந்திப் போவது என்ற பேச்சே கூடாது. ஆகாயத்தாமரையும் அடியில் சேறும் இருக்கிற இடத்தில் நீச்சல் தெரிந்தவர்களே மாட்டிக்கொள்வார்கள். படகைக் கரைக்கு இழுக்கத் தூண்டில் கம்பும் மிதக்கிற பந்தும் கையில் இருக்கட்டும். படகுக்குள் காலி இடமெல்லாம் தெர்மோகோல் அடைத்து வையுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே, முதல் படகு எது என்று கேட்பவர்களிடம் நான் மோனோ என்றுதான் சொல்கிறேன்.

ஹைட்ரோ

மூன்று புள்ளி ஹைட்ரோ, அதிலும் கைகள் நீட்டிய ரிக்கர், வேகத்தில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். முன்னால் இரண்டு ஸ்பான்சன், பின்னால் ப்ராப், அதாவது ப்ராப்பெல்லர். தண்ணீரைத் தொடுவது அவ்வளவுதான். 1978 அக்டோபர் 8-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் கென் வார்பி மணிக்கு சுமார் 511 கி.மீ. வேகத்தில் உலக சாதனை படைத்ததும் இந்த வகைப் படகில்தான். 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்பெல் ப்ளூபேர்ட் கே7 படகோடு மேலெழும்பிப் புரண்டு உயிர்விட்டதும் இதே வகையில்தான். பெரிய படகுக்கும் மாடலுக்கும் இயற்பியல் ஒன்றே. தண்ணீரைத் தொடும் இடம் குறைந்தால் வேகம் கூடும், காற்றின் பிடியும் கூடும். நம் தண்ணீரில் ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று, வளைவில் பிடிமானம் தரும் தகடான டர்ன் ஃபின்னில் சிக்கினாலே ரிக்கர் முடிந்தது. பண்ணைக்குட்டை மாதிரி சுத்தமான, காற்று மறைவான சொந்தத் தண்ணீர் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் இந்தப் பேச்சை இத்தோடு விடலாம்.

ஆட்டத்தை அடக்க எதை முதலில் தொடுவது?

படகு ஆடினால் உடனே எல்லோரும் சொல்வது ட்ரிம் டேப்பை, அதாவது பின்சுவரில் இருக்கும் சின்னத் தகட்டை, இறக்கு என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. டேப்பை இறக்கினால் பின்பக்கம் தூக்கி மூக்கு அமரும், சரி. ஆனால் அது ஒவ்வொரு மீட்டருக்கும் பிரேக் போட்டுக்கொண்டே ஓடுவது. வேகம் போகும், மோட்டார் சுடும். மே மாதத்தில் ஏரித் தண்ணீரே சூடாக இருக்கும்போது, அதே தண்ணீரை உறிஞ்சித்தான் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி குளிர வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலில் எடை. இதற்குச் செலவே கிடையாது. பேட்டரியோடு முழுப் படகையும் இரண்டு விரல் நுனியில் தாங்கி, எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். பின்சுவரிலிருந்து அந்த இடம் வரை அளந்தால், மோனோவில் படகு நீளத்தில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கேட்டமரானில் அதைவிடக் கொஞ்சம் முன்னால். 36 அங்குலம், அதாவது 914 மி.மீ. மோனோ என்றால் பின்சுவரிலிருந்து சுமார் 274 மி.மீ. இரண்டரைக் கிலோ படகில் 600 கிராம் பேட்டரியை 25 மி.மீ. முன்னால் தள்ளினால் சமநிலைப் புள்ளி 6 மி.மீ. நகரும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் குதிரைபோல் மூக்கை ஏற்றி இறக்கிக்கொண்டு போகும் படகு அந்த 6 மி.மீ.யில் அடங்கி ஓடுவதுண்டு. ரொம்பவும் முன்னால் தள்ளினால் வேகம் செத்துவிடும், வளைவில் மூக்கு குத்தும். அதனால் ஒவ்வொரு முறையும் 5 மி.மீ., அவ்வளவுதான்; பேட்டரித் தட்டில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு நகர்த்துங்கள்.

எடையில் இடம் வலமும் உண்டு. ஒற்றை மோட்டார் மாடல்கள் பெரும்பாலானவற்றில், பின்னாலிருந்து பார்த்தால் ப்ராப் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதற்கு எதிர்வினையாகப் படகு வலப்பக்கம் சாயப் பார்க்கும். பாதி மூழ்கிய ப்ராப்பின் கீழ் இலைகள் தண்ணீரை வலப்பக்கம் தள்ளுவதால் பின்பக்கம் இடது போய், மூக்கு வலது போகும். பேட்டரியைக் கொஞ்சம் இடப்பக்கம் வைத்தாலே பாதி சரியாகிவிடும். மீதிக்கு மட்டும் வலது டேப்பை மயிரிழை இறக்கலாம். டேப்பின் சரியான வேலை அதுதான்.

அடுத்தது அடிப்பாகம். இதை யாருமே பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் விலை மலிவான அச்சுப் படகுகளின் ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் இங்கேதான். ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கடைசி 15 செ.மீ. அடிப்பாகத்தில் நீளவாக்கில் வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழி. ஸ்கேல் ஆடினால் புடைப்பு. புடைப்பு இருந்தால் மூக்கு எழும்பித் துள்ளும், குழி இருந்தால் மூக்கு அமுங்கும். அப்புறம் ஓரங்கள். அச்சில் வந்த பிளாஸ்டிக் ஓரம் உருண்டையாக இருக்கும். தண்ணீர் விலகிப் போகாமல் அந்த உருண்டையைச் சுற்றிப் பக்கவாட்டில் ஏறும், படகைக் கீழே இழுக்கும். பக்கச் சுவரில் செல்லோடேப் ஒட்டி, ஓரத்துக்குக் கீழே இரண்டு மி.மீ. நீட்டி விடுங்கள். படகைக் கவிழ்த்து, செல்லோடேப்புக்கும் உருண்டைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் அரால்டைட் நிரப்புங்கள். ஒரு நாள் காயவிட்டுச் செல்லோடேப்பை உரித்து, 320 நம்பர் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால் கத்தி ஓரம் கிடைக்கும். எம்-சீலும் ஒட்டும், ஆனால் அவ்வளவு கூர்மை வராது. பின்பாதி ஓரங்களுக்கு மட்டும் செய்தாலே போதும்.

மூன்றாவது ஸ்ட்ரட், அதாவது ப்ராப் ஷாஃப்டைப் பின்னால் தாங்கும் பிடி. அதன் பின்முனையைத் தாழ்த்தினால் ப்ராப்பின் தள்ளுதல் கொஞ்சம் மேல்நோக்கிப் போய்ப் பின்பக்கத்தைத் தூக்கும், மூக்கு அமரும். உயர்த்தினால் நேரெதிர். அடிப்பாகத்துக்கு இணையாக வைத்து ஆரம்பிப்பதே நல்லது. காற்று நாளில் கேட்டமரானை விட்டே ஆகவேண்டும் என்றால் ட்ரிம் டேப்பை விட இதை ஒரு டிகிரி தாழ்த்துவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். வேக இழப்பு குறைவு.

ப்ராப் தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும்: விட்டம் பெரிதானால் முறுக்கு கூடும், முறுக்கு கூடினால் சாய்வும் கூடும். எக்ஸ்440 என்ற எண்ணுள்ள ப்ராப் என்றால் 40 மி.மீ. விட்டம், விட்டத்தைப் போல 1.4 மடங்கு பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). சாய்வு தாங்கவில்லை என்றால் ஒரு அளவு சின்ன ப்ராப் போட்டுப் பார்ப்பது, டேப்போடு மல்லுக்கட்டுவதை விட மேல். பிளாஸ்டிக் ப்ராப் வேகத்தில் வளையும்; உலோக ப்ராப் வளையாது, ஆனால் கூர் தீட்டி, எடை சமன் செய்தபிறகே மாட்ட வேண்டும், இல்லையென்றால் அதிர்வில் ஷாஃப்ட் போய்விடும்.

வளைவு

நேர்கோட்டை விட வளைவில்தான் மோனோவுக்கும் கேட்டமரானுக்கும் உண்மையான வித்தியாசம். மாடல் பந்தயங்கள் வலப்பக்கமாகத் திரும்பியே ஓடுவதால் கேட்டமரான்களில் டர்ன் ஃபின் வலது ஸ்பான்சனில் மட்டும் இருக்கும். வலது வளைவில் அது தண்ணீரைக் கவ்விப் படகைத் தட்டையாகவே திருப்பும். மோனோவால் அந்த வேகத்தில் முடியாது. அதே கேட்டமரானை முழு வேகத்தில் இடப்பக்கம் திருப்பினால் பிடிமானம் இல்லாமல் பின்பக்கம் வழுக்கிச் சுழலும், சில நேரம் புரளும். மோனோவில் இரண்டு பக்கமும் ஃபின் வைக்கலாம், இரண்டு பக்கமும் திரும்பலாம். ஆட்கள் நடமாட்டமும் நீர்க்காகங்களும் இருக்கிற ஏரியில், திடீரென்று எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஃபின்னின் முன் ஓரம் கத்தியாக இருக்கட்டும். மழுங்கிய ஃபின் காற்றுக் குமிழியை இழுத்து வந்து பாதி வளைவில் பிடியை விட்டுவிடும். ரடரை, அதாவது சுக்கானை, கையால் ஆட்டிப் பார்த்துத் தளர்வு தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரடரைத் திருப்பும் சர்வோ மோட்டாரின் கம்பியில் ஒரு மி.மீ. தளர்வு இருந்தாலும் 70 கி.மீ. வேகத்தில் படகு தானே நெளியும், நீங்கள் அதைச் சைன் வாக் என்று நினைத்து வேறெதையோ திருகிக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்கெனவே கேட்டமரான் கையில் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம். விடியற்காலை மட்டும் விடுங்கள். எதிர்க்காற்றுப் பக்கம் முக்கால் த்ராட்டில், காற்று முதுகில் இருக்கும்போது முழு த்ராட்டில், வளைவெல்லாம் வலப்பக்கம். சிக்னல் போனால் மோட்டார் நிற்பதுபோல ரிசீவரில் ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறதா என்று, டிரான்ஸ்மிட்டரை அணைத்துக் கரையிலேயே பாருங்கள். படகு சவாரி நடக்கும் முட்டுக்காடு, சேத்துப்பட்டு மாதிரி இடங்களில் எந்த வகையையும் இறக்க வேண்டாம். வேறெங்காவது உப்புத் தண்ணீரில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் மோட்டாரையும் ப்ராப்பையும் இணைக்கும் வளையும் தண்டான ஃப்ளெக்ஸ் ஷாஃப்டை உருவி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கிரீஸ் போட்டுத் திரும்பச் சொருகுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு பிடித்துவிடும்.