படமே இருட்டு என்று சொன்னால் நம்பாதீர்கள்

தியேட்டரில் படம் மங்கலாகத் தெரிந்து, போய்க் கேட்டால் "டைரக்டர் அப்படித்தான் எடுத்திருக்கார்" என்று பதில் வருகிறதா? தலையாட்டிவிட்டு வந்து உட்காராதீர்கள். எங்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, இதே பதிலைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள்.

கொஞ்ச காலமாகவே படம் பார்ப்பது குறைந்துவிட்டது. வேலை முடிந்து வந்து, பாத்திரம் கழுவி, துணி மடித்து, சோபாவில் சாய்ந்து எதைப் பார்க்கலாம் என்று தேடுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. அப்படியும் ஒன்று முழுதாகப் பார்த்தேன். அப்பாவும் மகளும் அதிகம் பேசிக்கொள்ளாமலே ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிற கதை. அட்டைப்பெட்டியில் எதைப் போடுவது, எதை எறிவது என்பதிலேயே அவர்கள் சண்டை முழுவதும் நடக்கிறது. ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்து ஒரு அடிதடிப் படம். பாதியில் அணைத்துவிட்டேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம்தான் இந்தத் திகில் படம். இதையாவது பெரிய திரையில் பார்ப்போம் என்று தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். "சிறப்பு அரங்கு, துல்லியமான ஒளி, துல்லியமான ஒலி" என்று விளம்பரம். அதே கட்டடத்திலுள்ள சாதாரண அரங்கைவிட டிக்கெட் விலை அதிகம். சரி, எப்போதாவது ஒருமுறைதானே என்று வாங்கிவிட்டோம்.

கதையில் பெரும்பகுதி மின்சாரம் இல்லாத ஒரு வீட்டில் ராத்திரியில் நடக்கிறது. இருட்டு இருக்கும்தான். ஆனால் பகலில், நாயகி முற்றத்தில் துணி காயப்போடும் காட்சியிலேயே வெள்ளைப் புடவை அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தது. வாசல் கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்குதான் அரங்கில் பளிச்சென்று இருந்தது. ராத்திரிக் காட்சிகள் வந்ததும் குரல் மட்டும் கேட்கிறது, யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. "அக்கா, இப்ப செத்தது யாரு?" என்று தம்பி கேட்கிறான். எனக்கும் தெரியவில்லை.

எழுந்து போய் மேலாளரைப் பார்த்தேன். அவர் அரங்குக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "திகில் படம்தானே மேடம், எல்லா ஸ்கிரீன்லயும் இப்படித்தான்." முடிந்தது விசாரணை. வெளியே வரும்போது டிக்கெட் கிழிக்கும் பையன்தான் மெதுவாகச் சொன்னான்: "முந்தின ஷோ 3டி. முன்னாடி இருக்கிற கண்ணாடியை எடுக்காம விட்டிருப்பாங்க."

அவன் சொன்னதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நடக்கக்கூடியதுதான். 3டி காட்டும் பல அரங்குகளில் ப்ரொஜெக்டர் லென்சுக்கு முன்னால் ஒளியை இரு கண்களுக்கும் பிரித்து அனுப்பும் வடிகட்டி ஒன்று இருக்கும். அது வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சாதாரணப் படம் ஓட்டும்போது அதை நகர்த்திவிட வேண்டும். நகர்த்தாமலே ஓட்டுகிறார்கள் என்று 2011இல் அமெரிக்காவின் பாஸ்டன் குளோப் நாளிதழில் விமர்சகர் டை பர் விரிவாக எழுதினார். இன்னொரு காரணம் விளக்கு. செனான் விளக்கு போட்ட ப்ரொஜெக்டர்களில் மணிக்கணக்கு ஏற ஏற வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். மாற்றச் செலவு பிடிக்கும் என்பதால் இழுத்தடிப்பவர்கள் உண்டு.

முன்பு ஆபரேட்டர் ரூமில் ஒரு ஆள் இருப்பார், படம் கலங்கினால் கீழேயிருந்து கத்தினால் போதும். இப்போது பல இடங்களில் படம் கணினியில் ஏற்றப்பட்டு, குறித்த நேரத்தில் தானாகவே ஓடுகிறது. அரங்கில் என்ன தெரிகிறது என்று பார்க்க ஆளே இல்லை. நாம் போய்ச் சொன்னால்தான் உண்டு, சொன்னாலும் பதில் மேலே எழுதியபடிதான்.

இதற்கெல்லாம் அளவு இல்லாமலும் இல்லை. டிஜிட்டல் சினிமாவுக்கான பொது விதிமுறைப்படி, சாதாரண 2டி படத்துக்குத் திரையின் நடுவில் வெள்ளையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். ஒளிப்பதிவாளரும் நிறம் திருத்துபவரும் இந்த அளவில் பார்த்துத்தான் படத்தை முடிக்கிறார்கள். ஆகவே "இருட்டாகத்தான் எடுத்தார்" என்றாலும், நமக்குத் தெரிய வேண்டிய இருட்டு எவ்வளவு என்று அவர்கள் அளந்துதான் வைத்திருக்கிறார்கள்.

என் கோபம் காசு போனதில் மட்டும் இல்லை. அடுத்த வாரம் வேறு இடத்தில், மலிவான சாதாரண அரங்கில் அதே படத்தை மறுபடி பார்த்தேன். நாயகி விளக்கைத் தேடித் தடவிக்கொண்டே போகும் நீண்ட காட்சி முழுவதும், அவள் பின்னால் படிக்கட்டின் மூன்றாம் படியில் அவள் தங்கை அசையாமல் நின்றுகொண்டிருக்கிறாள். கையில் அணைந்த விளக்கு. கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. முதல் தடவை அந்த இடத்தில் எங்களுக்குத் தெரிந்தது வெறும் கறுப்பு. நடிகையின் பொறுமையான நடிப்பும், அந்தக் காட்சியை வெட்டாமல் விட்ட துணிச்சலும் எங்களிடம் வந்து சேரவே இல்லை. அந்த ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் "குழப்பமான படம், போகாதீர்கள்" என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

ஆகவே, நீங்கள் போகும்போது விளம்பரங்கள் ஓடும் நேரத்திலேயே திரையில் வெள்ளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சாம்பலாகவோ மஞ்சளாகவோ இருந்தால், படம் தொடங்கிய கையோடு எழுந்து போய்ச் சொல்லுங்கள். முந்தின காட்சி 3டியா என்று நேராகக் கேளுங்கள். தலையோ எழுத்தோ திரை ஓரத்தில் வெட்டுப்பட்டால், படத்தின் அகல உயரத்துக்குப் பொருந்தாத அமைப்பைப் போட்டிருக்கலாம். ஓரிரு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியதுதான். வசனம் மட்டும் அமுங்கிக் கேட்டால் திரைக்குப் பின்னாலுள்ள நடு ஸ்பீக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள், வசனத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வரும். முடியாது என்றால் அப்போதே பணத்தைக் கேளுங்கள். படம் முடியும்வரை உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. நான் பிறகு அனுப்பிய புகாருக்கு, "காட்சியை முழுமையாகப் பார்த்தவர்களுக்குக் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்தாற்போல் ஒரு பதில் வந்தது. எதைப் பார்த்தோமாம், முழுமையாக?

இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு தள்ளுபடிக் கூப்பன் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். அதே சிறப்பு அரங்கில் மட்டும்தான் செல்லுமாம்.