'அசல் கிங்ஸ்டன் ஒலி' என்று விற்கும் டப் தொகுப்பு: பணம் கட்டும் முன் படியுங்கள்

டப் ரெகே (ரெகே பாட்டின் குரலை அடக்கி, பேஸையும் டிரம்ஸையும் எதிரொலியோடு முன்னிறுத்தும் ஜமைக்க இசை) செய்கிறவர்களும் செய்யத் தொடங்கப்போகிறவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு சாம்பிள் தொகுப்புக்கு, அதாவது பாட்டில் வைத்துக்கொள்ள விற்கும் ஒலித்துண்டுகளுக்கு, பணம் கட்டுங்கள். எனக்கு 38 பவுண்டும் நான்கு மாத உழைப்பும் போயின. பணம் பிறகு திரும்பி வந்தது. உழைப்பு வரவில்லை.

நான் இருப்பது தென் லண்டன். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி, சவுண்ட் சிஸ்டம் என்ற பெயரில் இந்த இசையை வேரூன்ற வைத்த பகுதி. வேலை முடிந்த இரவுகளில் வீட்டுக் கணினியில் டப் செய்வது என் பல வருடப் பழக்கம். எனக்கு பேஸ் கித்தார் வாசிக்க வராது, டிரம்ஸ் வைக்க வீட்டில் இடமில்லை. அதனால் லூப்புகளை, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் சிறு ஒலித்துண்டுகளை, விலைக்கு வாங்கித்தான் வேலை செய்கிறேன். நேர்மையாகப் பதிவுசெய்து விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி இங்கே புகார் இல்லை.

நான் வாங்கிய 'அசல் கிங்ஸ்டன் ஒலி' தொகுப்பின் விளம்பரம் மூன்று விஷயங்களை உறுதியளித்தது. எல்லாம் புதிதாக வாசித்துப் பதிவுசெய்தவை. 24 பிட் என்ற உயர்ந்த ஒலித் தரம். உரிமைத்தொகை எதுவும் கட்ட வேண்டாம். மூன்றுமே பொய்.

முதலில் தெரிந்தது வேறொரு குறை. ஒவ்வொரு லூப்பிலும் எதிரொலியும் ரிவெர்ப்பும் (பெரிய அறையில் ஒலிப்பதுபோன்ற முழக்கம்) முன்கூட்டியே கலந்திருந்தன. மற்ற இசை வகைகளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். டப்பில் முடியாது. கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸில், மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலோடு ஒலிக்கூடமும் நடத்திய கிங் டப்பி 1970களில் காட்டிய வழியே இதுதான்: கலவை மேசைதான் வாத்தியம். பாடகரின் குரலை மூடிவிட்டு பேஸையும் டிரம்ஸையும் தனியே நிற்க வைப்பார்கள். ஆஃப்பீட்டில், அதாவது முக்கிய தாள அடிகளுக்கு இடையில், வெட்டும் கித்தாரின் ஒரே ஒரு வீச்சை மட்டும் எதிரொலிக்குள் தள்ளிவிட்டு உடனே கதவைச் சாத்துவார்கள். எந்த வீச்சு எதிரொலிக்க வேண்டும், எது வறண்டு நிற்க வேண்டும் என்று அந்தக் கணத்தில் முடிவெடுப்பதுதான் கலை. எதிரொலி ஏற்கெனவே தோய்ந்த லூப்பில் அந்த முடிவை வேறொருவர் எடுத்து முடித்துவிட்டார். உப்புப் போட்டு வேகவைத்த பருப்பிலிருந்து உப்பைப் பிரிக்க முடியுமா? போதாக்குறைக்கு, லூப் முடியும் இடத்தில் எதிரொலியின் வால் கத்தரியால் நறுக்கியதுபோல் அறுந்து நின்றது.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். செலவழித்த பணம் வீணாகக் கூடாது என்று வடிகட்டியும் வெட்டியும் நான்கு பாடல்களை முடித்து, பாடல்களை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியிட்டேன். மூன்றாவது வாரம் பதிந்துவைத்த ஒலிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் தானியங்கி முறையான கன்டென்ட் ஐடியிலிருந்து இரண்டு உரிமைக் கோரிக்கைகள் வந்தன. ஒன்று, பழைய ஜமைக்க ஒலிப்பதிவு ஒன்றின் உரிமையாளரிடமிருந்து. மற்றொன்று, இதே லூப்பைத் தன் பாட்டில் வைத்து, முழுவதும் தன்னுடையது என்று பதிந்துவைத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து. விநியோக நிறுவனம் நான்கு பாடல்களையும் இறக்கிவிட்டது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்டேன். 17ஆம் கோப்பு, நிமிடத்துக்கு 75 தாள அடி வேகத்தில் நான்கு தாளவட்டம் (16 தாள அடி) ஓடும் டிரம்ஸ் லூப். அதாவது 12.8 வினாடி. ஹெட்போனில் ஒலியைக் கூட்டிவைத்துச் சுழலவிட்டால், 12.8 வினாடிக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே கீறல் சத்தம். புதிதாகப் பதிவுசெய்த டிரம்ஸில் இசைத்தட்டுக் கீறல் எங்கிருந்து வரும்? முடிவில், கடைசி ஹை-ஹேட் (டிரம்ஸின் இரட்டைத் தாளத்தட்டு) ஒலிக்கு அடியில், ஒரு மனிதக் குரலின் தொடக்கம். பாடகர் வாயைத் திறக்கிறார், அரை அசை கேட்கிறது, அதோடு வெட்டு.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைவரிசை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோடு கிழித்ததுபோல் வெறுமை. பழைய இசைத்தட்டிலும் உச்ச ஒலிகள் குறைவாக இருக்கலாம், ஆனால் அவை படிப்படியாகத் தேயும். இப்படி நேர்கோடாக அறுந்திருந்தால் பெரும்பாலும் அது உச்ச ஒலிகளை வெட்டிச் சுருக்கிய, குறைந்த தரத்து எம்பி3. அதைப் பெரிய கோப்பாக மாற்றி 24 பிட் என்று விற்றிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கிங்ஸ்டனில் பிறந்தவர், இளமையில் பேஸ் வாசித்தவர். அவரிடம் ஒரு பேஸ் லூப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே எழுந்து போய், பெட்டியிலிருந்து ஒரு 7 அங்குல இசைத்தட்டை எடுத்துவந்து வைத்தார். பின்பக்கம், 'வெர்ஷன்' (பாட்டின் குரல் நீக்கிய வடிவம்) என்று அச்சிட்ட பக்கம். அதே பேஸ், அதே தடுமாற்றம் உட்பட. "இதை ஓர் ஆள் வாசித்தான். அவன் பெயர் உன் கோப்பில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்தில் பல வாத்தியக்காரர்களுக்குப் பதிவு நாளன்று கொடுத்த கூலியோடு கணக்கு முடிந்துவிட்டது. அவர்கள் வாசித்ததைத் திருடி எனக்கு விற்றிருக்கிறார்கள், நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

விற்பனையாளருக்கு எழுதினேன். ஜமைக்காவில் ஒரே ரிதத்தின் (பேஸும் டிரம்ஸும் சேர்ந்த பின்னணி) மேல் பல பேர் பாடுவது மரபு, இவை பழைய தட்டுகள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. மரபு உண்மைதான். ஆனால் அங்கே அது யாருடைய ரிதம் என்பது ஊருக்கே தெரியும். 'பழையது' என்ற வாதமும் நிற்காது: ஜமைக்கா 2015இல் தன் சட்டத்தைத் திருத்திக் பதிப்புரிமைக் காலத்தை 95 ஆண்டுகளாக நீட்டியது. 1970களின் பதிவுகள் அங்கே இன்னும் பல பத்தாண்டுகள் உரிமையோடு இருக்கும்.

பதிவிறக்கம் செய்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்றும் சொன்னார்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டிஜிட்டல் பொருளும் விளம்பரத்தில் சொன்னபடி இருந்தாக வேண்டும். நான் விளம்பரத்தின் படத்தையும் அலைவரிசை வரைபடத்தையும் வங்கிக்கு அனுப்பி, அட்டைக் கட்டணத்தைத் திருப்பக் கேட்டேன். ஆறு வாரத்தில் கிடைத்தது.

நீங்கள் வாங்குவதற்கு முன், வாசித்தவர்களின் பெயரும் பதிவுசெய்த இடமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். எதிரொலி கலக்காத தனித்தனி டிராக்குகள் கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். இசைத்தட்டிலிருந்து சுரண்டியவரால் அவற்றைச் சுத்தமாகத் தர முடியாது. உரிம வாசகத்தை முழுவதும் படியுங்கள், வாங்கிய நாளிலேயே அதன் நகலைச் சேமியுங்கள். பொதுவில் விற்கும் லூப்பை வைத்துச் செய்த பாட்டை, முழு உரிமையும் உங்களுடையது என்று கன்டென்ட் ஐடியில் நீங்களும் பதியாதீர்கள். எனக்கு வந்த இரண்டாவது கோரிக்கை அப்படிப் பதிந்ததால் வந்ததுதான்.

நேற்று போய்ப் பார்த்தேன். தொகுப்பு வேறு பெயரில், வேறு அட்டைப் படத்தோடு விற்பனையில் இருக்கிறது. விலை 45 பவுண்ட். மாதிரி ஒலியைத் தட்டினேன். கடைசி ஹை-ஹேட்டுக்கு அடியில் அந்தப் பாடகர் இன்னும் வாயைத் திறந்துகொண்டிருக்கிறார்.