லாண்ட்ரி சர்வீஸ்: ஷகிராவின் ஆங்கில ஆல்பத்தை எப்படிக் கேட்பது, எந்தப் பதிப்பை வாங்குவது

ஷகிராவை முதல்முறையாகத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் ‘லாண்ட்ரி சர்வீஸ்’. 2001 நவம்பரில் எபிக் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 3ஆம் இடத்தில் நுழைந்தது. உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. கொலம்பியாவின் பர்ரான்கியா நகரத்தில் பிறந்து, ஸ்பானிய மொழியில் பாடியே லத்தீன் அமெரிக்காவில் உச்சத்துக்கு வந்துவிட்ட 24 வயதுப் பெண்ணை ஆங்கிலப் பாட்டு கேட்கும் உலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதான். கட்டாயம் வாங்கலாம். ஆனால் இதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுவிடுவது நல்லது. இதையும் முதல் பாட்டில் தொடங்கி வரிசையாக ஓடவிட்டால் பாதியில் சலிப்பு தட்டும்.

அட்டையில் 13 பாட்டு. கணக்குப் பார்த்தால் புதுப் பாட்டு 10தான். மூன்றாவதாக வரும் ‘வெனெவர், வேரெவர்’ பாட்டின் ஸ்பானிய வடிவம் 12ஆவதாக வரும் ‘சுவெர்தெ’. முதல் பாட்டு ‘அப்ஜெக்‌ஷன்’, கடைசியில் ‘தெ அவிசோ, தெ அனுன்சியோ’ என்று ஸ்பானியத்தில் திரும்பி வருகிறது. 11ஆவது பாட்டான ‘ஐஸ் லைக் யுவர்ஸ்’ 1998 ஆல்பத்தில் இருந்த ‘ஓஹோஸ் அசி’யின் ஆங்கில வடிவம். ஒன்பது ஆங்கிலம், நான்கு ஸ்பானியம். காசுக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று இதைப் பார்த்தால் தோன்றும். எங்கள் கருத்து அதற்கு நேர் எதிர்: இந்த ஆல்பத்தில் மிகப் பயனுள்ள பகுதியே இந்த இரட்டைகள்தான். ஒரே இசைக்கோர்ப்பின் மேல் ஒரே பாடகி இரண்டு மொழியில் பாடியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் வாய்ப்பு ஒரே தட்டில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

எனவே முதலில் 3, உடனே 12. ‘வெனெவர், வேரெவர்’ பாட்டை ஷகிரா, அவருடைய கிடார் கலைஞர் டிம் மிட்செல், பாடகி குளோரியா எஸ்டெஃபான் மூவரும் எழுதினார்கள். அமெரிக்க ஒற்றைப் பாட்டுப் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. ஆண்டீஸ் மலை நாடுகளின் குழல், சரங்கோ என்ற சின்ன நரம்பு வாத்தியம், அவற்றுக்குக் கீழே மேற்காசியச் சாயலுள்ள தாளம், அதற்கும் கீழே ராக் கிடார். சரங்கோவில் தந்திகள் ஐந்து இணைகளாகப் பத்து. அதனால்தான் அந்தக் கூர்மையான, மினுங்கும் ஒலி. இவ்வளவும் இரண்டு வடிவத்திலும் ஒன்றே. குரல் மட்டும் கவனியுங்கள். ஆங்கிலப் பல்லவியில் ‘வெனெவர், வேரெவர், டுகெதர்’ எல்லாமே நாக்கை மடக்கும் ஒலியில் போய் அடைகின்றன. ஸ்பானியப் பல்லவியில் ‘கொந்தீகோ, மி வீதா’ என்று ஒவ்வொரு சொல்லும் உயிரெழுத்தில் திறந்து நிற்கிறது. ஷகிராவின் குரலுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு: நீட்டிப் பிடித்த உயிரொலியின் நடுவில் குரல் சட்டென்று உடைந்து மேலே எகிறும். உடைவதற்கு இடம் வேண்டும். ‘சுவெர்தெ’யில் அந்த இடம் தாராளமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல் மூடிக்கொள்வதால் அவர் உடைப்பைச் சொல்லின் தொடக்கத்துக்குத் தள்ளுகிறார். விக்கல் மாதிரி கேட்கும். பிடிக்காதவர்கள் குறை சொல்வது அந்த விக்கலைத்தான். அவர்களுக்கு 12ஐப் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள். நடுவில் வரும் ‘லெ தோ லெ லெ’ ஆலாபனைக்கு எந்த மொழியும் இல்லை. இரண்டிலும் பாட்டு உச்சத்துக்குப் போவது அங்கேதான்.

இந்தப் பாட்டு ஆங்கிலத்திலும் தேறியதற்குக் காரணம், வரிகளைப் பாலீஷ் போட்டுத் தேய்க்காமல் விட்டதுதான். தன் மார்பு சின்னதாக இருப்பது நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் மலை என்று நினைத்துவிடுவாய் என்கிறாள். உன் உடம்பின் புள்ளிகளை எண்ணுவதற்காகவே ஆண்டீஸ் ஏறுவேன் என்கிறாள். அமெரிக்கப் பாட்டெழுத்தாளர் ஒருவர் இதை எழுதியிருக்க மாட்டார். ஷகிரா ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொண்டதே இந்த ஆல்பத்துக்காகத்தான். அகராதியும் எதுகை அகராதியும் வைத்துக்கொண்டு, பாடலாசிரியர் லெனார்ட் கோஹனையும் கவிஞர் வால்ட் விட்மனையும் படித்து, உருகுவேயில் உட்கார்ந்து எழுதினார். ‘ஓஹோஸ் அசி’யை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரலாம், உன்னால் முடியும் என்று தூண்டியவர் குளோரியா எஸ்டெஃபான். அவரே கியூபாவிலிருந்து மயாமிக்கு வந்து இரண்டு மொழியிலும் நின்று காட்டியவர். அவர் சொன்னதற்கு எடை உண்டு.

அடுத்த இரட்டை 1, 13. ‘அப்ஜெக்‌ஷன்’ ஜோடியாக ஆடும் நடனத்துக்கான டாங்கோ இசையாகத் தொடங்கி, சில நொடிகளில் அறுபதுகளின் ராக் கிடாருக்குள் குதித்துவிடுகிறது. முக்கோணக் காதலில் மாட்டிக்கொண்டவளின் கோபம். டாங்கோ மூன்று பேர் ஆடும் ஆட்டமில்லை என்பதுதான் அவள் வழக்கு. இங்கே ஆங்கிலமும் ஸ்பானியமும் கிட்டத்தட்டச் சமம். பாட்டே வேகமான சண்டை என்பதால் மூடிய சொற்கள் அடியாக விழுகின்றன. நடுவில் வரும் ராப் பகுதி மட்டும் இரண்டிலும் தேவையில்லை.

மூன்றாவது இரட்டைக்கு 1998இன் ‘தோந்தெ எஸ்தான் லோஸ் லத்ரோனெஸ்’ ஆல்பம் வேண்டும். ‘திருடர்கள் எங்கே’ என்ற பெயரே நடந்த சம்பவத்திலிருந்து வந்தது: எழுதி முடித்த பாட்டு வரிகள் இருந்த பெட்டி பொகோட்டா விமான நிலையத்தில் திருடுபோனது. ‘ஓஹோஸ் அசி’யில் ஷகிரா அப்பா வழி லெபனான் வேரைத் தொட்டு, ஸ்பானியத்துக்கு நடுவே அரபு வரிகளையும் பாடுகிறார். ‘ஐஸ் லைக் யுவர்ஸ்’ அந்த அரபு வரிகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. பிரச்சினை மீதியில்தான். ஸ்பானியப் பாட்டிலிருந்து அரபுக்குள் போகும்போது நெருடலே இல்லை, இரண்டும் ஒரே வீச்சில் ஓடுகின்றன. ஆங்கிலத்திலிருந்து போகும்போது ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு கேட்கிறது. மூன்று இரட்டைகளில் ஆங்கிலம் தெளிவாகத் தோற்பது இதில் மட்டும்தான்.

இனி மீதி. ‘அண்டர்னீத் யுவர் க்ளோத்ஸ்’ மெதுவான காதல் பாட்டு, அமெரிக்காவில் 9ஆம் இடம் வரை வந்தது. எளிமையான மெட்டு, பின்பாதியில் பித்தளை வாத்தியங்கள் எழும் இடம் அருமை. 9ஆவது பாட்டு ‘போயம் டு எ ஹார்ஸ்’ கவனிக்கப்படாமலே போன நல்ல பாட்டு. அழுத்தமான கிடாரின் மேல் ஊதுகுழல்கள். 8ஆவது ‘தெ தெஹோ மத்ரித்’ குறும்பு. 10ஆவது ‘கெ மெ கெதெஸ் தூ’ ஆல்பத்தின் மிக அழகான மெட்டு. இந்த இரண்டும் ஸ்பானியத்தில் மட்டுமே உள்ளவை. நான்கு ஸ்பானியப் பாட்டில் ஒன்றுகூட வீண் இல்லை.

தொய்வு 4 முதல் 7 வரை. ‘ரூல்ஸ்’, ‘தி ஒன்’, ‘ரெடி ஃபார் தி குட் டைம்ஸ்’, ‘ஃபூல்’ நான்கையும் வேறு யாராவது பாடியிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ‘தி ஒன்’ பாட்டில் கூட்டாக எழுதியவர் கிளென் பல்லார்ட்; 1995இல் ராக் பாடகி அலனிஸ் மோரிசெட்டின் ‘ஜாக்ட் லிட்டில் பில்’ ஆல்பத்தைச் செய்தவர். கைத்திறமை குறைவில்லை. ஆனால் அந்த வார்ப்பு ஏற்கெனவே இன்னொருவருக்கு அளவெடுத்தது. குழல், டாங்கோ, அரபு ஒலி என்று ஷகிரா தன் பக்கத்துச் சாமானோடு வரும்போதெல்லாம் ஆங்கிலமும் உயிரோடு இருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு அமெரிக்க ராக் பாடகியாக நிற்கும்போது மொழி புதிது என்பது வெளியே தெரிகிறது. பொன்னிற முடியும் ஆங்கிலமுமாக வந்தபோது தன்னை விற்றுவிட்டாள் என்று பழைய ரசிகர்களில் சிலர் கொதித்தார்கள். இந்த நான்கு பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் ஆதங்கம் புரிகிறது. முழு ஆல்பத்துக்கும் அது பொருந்தாது.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லத்தீன் பாடகர்களான ரிக்கி மார்ட்டின், ஜெனிஃபர் லோபஸ், என்ரிக்கே இக்லேசியாஸ், மார்க் ஆண்டனி எல்லாரும் ஆங்கிலப் பட்டியலில் ஏறிய வருடம் 1999. ஷகிரா வந்தது அந்த அலை இறங்கிய பிறகு, இரண்டு வருடம் தாமதமாக. அவசரப்பட்டு 1999இலேயே யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கில வரிகளைப் பாடியிருந்தால் ‘வெனெவர்’ மாதிரி ஒன்று பிறந்திருக்காது என்றே நினைக்கிறோம்.

அப்படியானால் முதலில் எதைக் கேட்பது? ஷகிரா மேடையில் நேரடியாகப் பாடிய ‘எம்டிவி அன்பிளக்ட்’. 1999 ஆகஸ்ட்டில் நியூயார்க்கில் பதிவாகி, 2000இல் வெளிவந்து, சிறந்த லத்தீன் பாப் ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. 11 பாட்டு. அதில் பத்து, ‘லத்ரோனெஸ்’ ஆல்பத்திலிருந்து. அந்த ஆல்பத்தின் 11 பாட்டில் ‘கெ வுவெல்வாஸ்’ மட்டும் இல்லை. மீதி ஒன்று, 1995இன் ‘பியேஸ் தெஸ்கால்சோஸ்’ ஆல்பத்தில் ஷகிராவை முதலில் தூக்கிவிட்ட ‘எஸ்தோய் அகி’. ஆக ஒரே தட்டில் ஆங்கிலத்துக்கு முந்தைய ஷகிராவின் சாரம் முழுக்கக் கிடைக்கிறது. ‘சியேகா, சோர்தோமூதா’ பாட்டில் மெக்சிகோவின் மரியாச்சி நாட்டுப்புற இசைக் குழு வந்து சேரும் இடத்தையும், ‘இனெவிதாப்லெ’ மெதுவாகத் தொடங்கிக் கத்தலில் முடிவதையும் கேட்டவர்களுக்கு ‘லாண்ட்ரி சர்வீஸ்’ எங்கிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். 14 வயதில் வந்த ‘மாஹியா’, 1993இன் ‘பெலிக்ரோ’ இரண்டையும் தேடி அலைய வேண்டியதில்லை. விற்காமல் போனவை, ஷகிராவே மறுபடி வெளியிட விரும்பாதவை.

ஒரு சின்ன நடைமுறை விஷயம். ‘அன்பிளக்ட்’ தட்டில் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே நிறைய இடைவெளி உண்டு. ‘லாண்ட்ரி சர்வீஸ்’ முழுக்க உரக்க இறுக்கிப் பிடித்த ஒலி. அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாவது காதில் அறையும். நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதும் பாதி அந்தச் சத்தத்தால்தான். ஒப்பிட்டுக் கேட்கும்போது செயலியில் ஒலியளவைச் சமன் செய்யும் அமைப்பை இயக்கிவிடுங்கள். கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

பதிப்பு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பானிய மொழி நாடுகளில் இதே ஆல்பம் ‘செர்விசியோ தெ லவாந்தெரியா’ என்ற பெயரில் வந்தது. அதில் வரிசை வேறு. ‘சுவெர்தெ’தான் முதல் பாட்டு. மேலே சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தாது, பாட்டின் பெயரை வைத்து இணை சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சிடி கிடைத்தால் அந்தப் பதிப்பையே எடுக்கச் சொல்வோம்: நல்ல ஸ்பானியப் பாட்டுகள் முன்னால் வருவதால் நடுத்தொய்வு அவ்வளவாக உறுத்தாது. 2002இல் ‘வாஷ்ட் அண்ட் ட்ரைட்’ என்று டிவிடியோடு ஒரு சிறப்புப் பதிப்பும் வந்தது. கூடுதல் வடிவங்கள் சேகரிப்பவர்களுக்குச் சரி, முதல்முறை வாங்குகிறவர்களுக்குத் தேவையில்லை.

இதற்கு அப்புறம் போக நினைத்தால் 2005இன் ‘ஃபிஹாசியோன் ஓரால், தொகுதி 1’. முழுக்க ஸ்பானியம், ஸ்பெயின் பாடகர் அலெஹாந்த்ரோ சான்ஸோடு பாடிய ‘லா தொர்தூரா’ இதில்தான். ஆங்கிலமே இல்லாமல் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடத்தில் நுழைந்தது. ஆங்கில ஆல்பம் பிடித்த இடத்துக்கு ஒரே ஒரு படி கீழே! ‘லாண்ட்ரி சர்வீஸ்’ திறந்த கதவு வழியாகத் தாய்மொழியையே உள்ளே கூட்டிவந்துவிட்டார். எங்களுக்கு அவருடைய ஆல்பங்களில் மிகப் பிடித்ததும் இந்த ‘ஃபிஹாசியோன் ஓரால்’தான்.

அதே வருட நவம்பரில் வந்த ஆங்கில இரட்டை ‘ஓரல் ஃபிக்சேஷன், தொகுதி 2’ வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘ஹிப்ஸ் டோன்ட் லை’ இந்த ஆல்பத்தில் இருக்கிறது என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். முதலில் அச்சான தட்டில் அது இல்லை. விற்பனை மந்தமாக இருந்ததால் ராப் பாடகர் வைக்ளெஃப் ஜீனோடு அந்தப் பாட்டைப் பதிவுசெய்து, 2006இல் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். பழைய சிடி விற்கும் இடங்களில் இரண்டு பதிப்பும் கலந்தே கிடக்கும். பின் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.