ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் விடியற்காலையும்: ஒரு நீண்டகால அனுபவம்

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காத அடிசன் நோய் எனக்கு உறுதியானபோது, முதலில் காலையில் ஒரே வேளையாக ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத்தான் கொடுத்தார்கள். பின்னர் அகச்சுரப்பியல் (ஹார்மோன்) மருத்துவர் அதை, கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனாக மாற்றி, நாளொன்றுக்கு 20 மில்லிகிராமை விழித்ததும் 10, மதியம் 5, மாலை 4 மணிக்கு 5 என்று பிரித்தார். சில ஆண்டுகளாக இந்த முறையில் இருந்து வருகிறேன். இதில் பெரிய பலன் அந்த முதல் வேளையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

நோயற்ற உடலில் கார்ட்டிசால் பின்னிரவிலேயே ஏறத் தொடங்கி, விழிக்கும் வேளையில் உச்சத்தைத் தொட்டு, பகல் முழுவதும் படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்துவிடுகிறது. எங்களுக்கோ விழிக்கும்போது கையிருப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மும்பையை அடுத்த டோம்பிவிலியிலிருந்து காலை லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டியவன் என்பதால், தலையணை அருகே மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு, அலாரம் அடித்ததும் விழுங்கிவிட்டு மீண்டும் படுத்துக்கொள்கிறேன். அரைமணி நேரம் கழித்து எழுந்தால் குமட்டலும் கால் துவள்வதும் இல்லாமல், தாதர் வரை நெரிசலில் நின்றே போக முடிகிறது.

இம்மருந்தின் அளவு ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் மதிய வேளையைத் தவிர்க்க முடியாது. அலுவலகக் கூட்டங்கள் இழுத்துக்கொண்டே போகும் நாட்களில் அதுதான் தள்ளிப்போகிறது, மூன்று மணிக்குள் தலை கனத்துவிடுகிறது. மாலை வேளை தாமதமானால் அன்றிரவு தூக்கம் போயிற்று.

இரவில் விழுங்கினால் விடியலில் மருந்து வெளிப்படும் கேப்சூல் வகைக்கு, பிறவியிலேயே வரும் அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற வேறொரு நோய்க்காக 2021இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அது வருமுன் நமக்கு இருப்பது அலாரம்தான்.

மாட்டுங்காவில் இருக்கும் பெரியப்பா, "ஸ்டீராய்டை நிறுத்திவிடு தம்பி, எலும்பு உளுத்துவிடும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். உடல் தானே சுரக்க வேண்டியதை ஈடுசெய்யும் அளவு இது. மருத்துவர் அளவைச் சரியாக வைத்திருக்கும்வரை அந்த அச்சம் பெரிதில்லை, திடீரென்று நிறுத்துவதுதான் உயிருக்கே ஆபத்து.

காய்ச்சல் வந்துவிட்டால் இந்தக் கால ஒழுங்கெல்லாம் பின்னுக்குப் போய்விடும். மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தபடி அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த ஊசியைப் போட என் மனைவியும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.