ஐஸ் வைக்காதீங்க அண்ணா!

மூணு வருஷம் கழிச்சு சேலம் வந்தேன், தட்டுவடை செட், ஏற்காடுன்னு பெரிய பிளான், ஆனா லீவுல பாதி அத்தையோட கீமோ வார்டுலயே போச்சு. லிம்போமா, நிணநீர்ல வர்ற புற்றுநோய். டோக்கனுக்கு ஒரு க்யூ, பில்லுக்கு ஒரு க்யூ, காலைல ஏழு மணிக்கு போனா பெட் கிடைக்க பதினொண்ணு, கனடால இதெல்லாம் போன்லயே முடிஞ்சிரும்னு நான் பொலம்பிட்டு இருந்தப்பதான் அது நடந்துச்சு.

வின்கிறிஸ்டின்னு ஒரு கீமோ மருந்து டிரிப்ல ஏறிட்டு இருக்கு, அத்தை "கண்ணு, கை எரியுது"ன்னாங்க. பார்த்தா ஊசி போட்ட இடம் வீங்கிருக்கு. எங்க ஊர்ல எது வீங்கினாலும் ஐஸ் பேக் தானே, நான் கேன்டீனுக்கு ஓடி ஐஸ் வாங்கிட்டு வந்தா நர்ஸ் பொண்ணு ஒரே சத்தம்: "ஐஸ் வைக்காதீங்க அண்ணா! சிவப்பா ஒரு கீமோ மருந்து இருக்கு, அதுக்குதான் ஐஸ், இதுக்கு சூடுதான் வைக்கணும்!"

அதுக்குள்ள டிரிப்ப நிறுத்தி, ஊசிய உருவாம அதே வழியா சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்தாச்சு. டாக்டர் வந்து சுத்தி ஹயாலுரோனிடேஸ்னு ஒரு ஊசி போட்டார், நரம்ப விட்டு வெளிய சிந்தின மருந்து ஒரே இடத்துல தேங்காம கலைஞ்சு போகுமாம், சூடும் அதுக்குத்தான். ஐஸ் கையிலயே உருகிட்டு இருந்துச்சு எனக்கு.

அப்புறம் நர்ஸ்கிட்ட மெதுவா கேட்டேன், ஏம்மா இத்துனூண்டு மருந்துக்கு பெரிய பை? "சிரிஞ்ச்ல இருந்தா யாராவது தவறி முதுகுத் தண்டுல போட்ருவாங்கண்ணா, போட்டா உயிரே போயிரும். பையில இருந்தா அந்தத் தப்பு நடக்காது." 2007-ல உலக சுகாதார அமைப்பும் இதத்தான் சொல்லிருக்கு. அப்புறம் அந்த நர்ஸ் பொண்ணு அத்தைகிட்ட "ஜாக்கெட் ஹூக் போட முடியுதா, வெளிக்கி ஒழுங்கா போகுதா"ன்னு கேட்டா, அத்தைக்கு ஒரே வெட்கம். விரல் மரத்துப்போறதும் மலச்சிக்கலும் இந்த மருந்தோட கைவரிசையாம்.

இதுல கூத்து என்னன்னா, மருந்து வர்றது நித்தியகல்யாணியில இருந்து, நம்ம சுடுகாட்டு மல்லி! கனடால நான் குடியிருக்கற ஒன்டாரியோ லண்டன் யுனிவர்சிட்டிலதான் 1958-ல நோபிள், பீர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரை வியாதிக்கு மருந்து தேடப்போய், இதோட அக்கா மாதிரி அதே செடில இருக்கற வின்பிளாஸ்டின்ங்கற புற்றுநோய் மருந்த கண்டுபிடிச்சாங்க. அந்த யுனிவர்சிட்டி வழியா எத்தனை தடவை போயிருப்பேன், ஒண்ணும் தெரியாது.

வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டு பெரியம்மா அதே செடிய அரைச்சு டம்ளர்ல நீட்டுறாங்க. அது விஷம் பெரியம்மா, டன் கணக்குல இலை இருந்தாதான் கொஞ்சூண்டு மருந்தேன்னு சொல்லி வாங்கி கீழ ஊத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. அப்புறம் வெந்நீர்ல துணி முக்கிப் பிழிஞ்சு, ஒரு நாளைக்கு நாலு தடவை அத்தை கைல வச்சேன். ஏற்காட்ட வீட்டு மாடில இருந்து பார்த்ததோட சரி.